தேங்காய் மணக்கும் துவக்கு

அக்கா சேலையோடுதான் சுடுவா. குளிர்காலமென்றால் சேலைக்குக் கீழே ரப்பர் சப்பாத்து, மேலே புருசனின் கம்பளிச்சட்டை, தலையில் பச்சைநிறக் காதுமூடி. டென்மார்க்கில், பிரெடெரிசியா என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே நிலவறை ஒன்று இருந்தது. அதுதான் துவக்குச் சங்கம். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் இந்தக் கோலத்தில் அக்கா படியிறங்க, எதிரே வரும் டெனிஷ்காரர் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்கள். அவவுக்குப் பின்னால் நான், கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி.

எங்கள் ஆட்கள் அவவுக்கு வைத்த பேர் துவக்கக்கா. சொந்தப் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் "ஏன்ரா போட்டனீ?" என்று தொலைபேசியில் கேட்பா. எழுதாவிட்டால் "ஏன்ரா போடேல்லை?" என்று கேட்பா. எதைக் கேட்பா என்று தெரியாததால் எனக்கு இரண்டுக்குமே பயம்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைத்தான் கண்டிருந்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே மீசை வைத்த பிறகு திரும்பவும் வாங்கில் இருத்தி மொழி படிப்பித்தார்கள். பக்கத்து வாங்கில் அக்கா. மன்னார்க்காரி, நாற்பது வயது, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. ஒருநாள் ரீச்சர் சொன்னா, டென்மார்க்கில் ஆட்களோடு பழகுவதென்றால் வீட்டுக் கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை, ஒரு ஃபொரெனிங்கில் சேரவேண்டும் என்று. ஃபொரெனிங் என்றால் சங்கம். இந்த நாட்டில் மூன்று பேர் ஒன்றாய் நின்றால் அதில் ஒருவர் தலைவர், ஒருவர் பொருளாளர், மற்றவர் கோப்பி ஊற்றுகிறவர்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். சங்கத்தில் சேராவிட்டால் விசாவை நீட்டமாட்டார்களோ என்று எனக்கு இரவு முழுக்க நித்திரையில்லை. அக்காவுக்கோ அது ஆசையாகப் பிடித்துவிட்டது. அடுத்தநாளே நூல்நிலையத்துச் சுவரில் சங்கங்களின் விளம்பரங்கள் ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினா.

"நீச்சல்?"

"அக்கா, அதுக்கு உடுப்பு..."

"வெட்டு. கைப்பந்து?"

"அதுக்கும் அரைக்காற்சட்டை."

"வெட்டு. பாட்டு?"

நான் அடுத்த விளம்பரத்துக்குக் கண்ணை மாற்றினேன். மாதா கோயிலில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பாட்டுக் கேட்டவன் நான்.

"சரி, அதையும் வெட்டு. இதென்ன, வட்டம் வட்டமாய்க் கீறிக்கிடக்கு?"

"அது துவக்குச் சுடுறது."

"அதுக்கு என்ன உடுப்பு?"

"உடுப்பெண்டு ஒண்டும் எழுதேல்லை."

"அப்ப அதுதான்."

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனத்தில் ஒருத்தி, உடுப்பு மாற்றத் தேவையில்லை என்பதற்காகத் துவக்குச் சங்கத்தில் சேர்ந்த கதை இதுதான். பொலிஸ் அவவின் கடதாசிகளைப் பார்த்து, சங்கத்துத் துவக்கால் சங்கத்துக்குள்ளே மட்டும், பக்கத்தில் ஆள் நிற்கச் சுடலாம் என்று விட்டது.

அவவின் புருசனை நான் அத்தான் என்பேன். பேக்கரியில் இரவு வேலை. அதிகம் கதைக்காத மனிசன். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொல்லி அவள் நிக்கமாட்டாள். நீ கூடப் போய் இரு. உன்னைப்போலை பயந்த ஆள் ஒண்டு பக்கத்திலை இருந்தால் அவளுக்கும் கொஞ்சம் தொத்தும்."

"ஓம் அத்தான்."

"அவளின்ரை கைக்கு ஒண்டும் வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

அதற்குப் பிறகு எனக்கு அக்கா என்றால் கைதான். சீனிப்போத்தலைத் திறக்கிற கை, பஸ் கம்பியைப் பிடிக்கிற கை, எல்லாம் எனக்குக் கண்ணாடிப் பாத்திரமாய்த் தெரிந்தது.

முதல் நாள் படியிறங்கி உள்ளே காலை வைத்தோம். யாரோ சுட்டார்கள். அவ்வளவுதான், நான் தரையில் குப்புறக் கிடந்தேன். நானாகப் படுத்ததாக நினைவில்லை. உடம்பு தன்பாட்டில் படுத்துவிட்டது. டெனிஷ்காரர் ஓடிவந்தார்கள், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா பக்கத்தில் குந்தியிருந்து என் காதுக்குள் சொன்னா: "எழும்படா. இவங்கள் கடதாசிக்குத்தான் சுடுறாங்கள்." பிறகு நிமிர்ந்து, தன் புத்தம்புது டெனிஷில் எல்லோருக்கும் விளக்கினா: "இவனுக்கு நித்திரை."

சங்கத் தலைவர் ரெயில்வேயில் வேலைசெய்து ஓய்வெடுத்த நெடிய மனிதர். அக்கா அவரை நெடுவல் என்றுதான் கூப்பிடுவா. அது தமிழில் ஏதோ பட்டம் என்று நினைத்து அவர் கடைசிவரைக்கும் சந்தோசப்பட்டார். எனக்கும் ஒரு காதுமூடி தந்தார். நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பேன். காதை மூடினால் எனக்குப் பயம் கூடும். எங்கேயிருந்து வருகுது, என்ன வருகுது என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். ஊரில் பழகின பழக்கம்.

அக்காவின் வாயில் எந்நேரமும் கிடந்த சொல் "நிப்பாட்டு." ஒருநாள் பஸ் வெளிக்கிட்டபோது, இறங்கிப்போன ஒரு கிழவியின் நாய்க்கயிறு பின்கதவில் மாட்டிக்கொண்டது. வெளியே நாய், உள்ளே கயிற்றின் நுனி. பஸ்ஸுக்குள் எல்லோரும் கண்டார்கள். டெனிஷ்காரருக்குக் கூச்சம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கண்டேன், எனக்குப் பயம், நானும் திறக்கவில்லை. "நிப்பாட்டு!" என்று அக்கா தமிழில் ஒரு கத்துக் கத்தினா. சாரதி அடித்த பிறேக்கில் நான் முன்சீற்றுக்காரரின் தொப்பிக்குள் முகத்தை வைத்தேன். நாய் தப்பியது. அக்கா அடுத்த தரிப்பிடம் வரைக்கும் சிரித்தா, நாயைப் பார்த்தல்ல, தொப்பியைப் பார்த்து.

கோயிலிலும் அப்படித்தான். ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது, "நிப்பாட்டுங்கோ ஃபாதர்" என்று எழும்பினா. மாதாவுக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரி ஒன்று சரிந்து கடதாசிப் பூவைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது. போய் நிமிர்த்திவிட்டு, "இனிச் சொல்லுங்கோ" என்று வந்து இருந்தா. ஃபாதர் எங்கே விட்டாரென்று மறந்து முதலிலிருந்து தொடங்கினார். சனம் அதற்காக அக்காவைக் கனநாள் மன்னிக்கவில்லை. ஃபாதர் மட்டும் அன்றைக்கே மெழுகுதிரிப் பொறுப்பை அவவிடம் கொடுத்தார், எரிந்து மிஞ்சின துண்டுகள் உட்பட.

எனக்கும் எல்லாம் தெரியும். எது சரியும், எது எரியும், எது வழுக்கும் என்று அக்காவுக்கு முதலே தெரிந்துவிடும். என் வாய்தான் திறக்காது. யாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று அதற்கும் பயப்படுவேன். அக்கா முதலில் நிப்பாட்டுவா, பிறகு பார்ப்பா, ஒன்றுமில்லையென்றால் சிரிப்பா. பிழையாய் நிப்பாட்டிவிட்டோமே என்ற வெட்கம் அவவுக்குப் பிறவியிலேயே இல்லை.

கடையில் வாங்குகிற துவக்கு ரவை விலை கூட என்பதால், நெடுவல் தன் வீட்டுக் கராஜில் தானே ஈயம் உருக்கி, ரவையின் நுனியில் இருந்து பறக்கிற சன்னத்தை வார்ப்பார். அதற்கு அவரிடம் அனுமதி இருந்தது. அக்காவை உதவிக்குச் சேர்த்தார். மன்னாரில் வலைக்கு ஈயக்குண்டு வார்த்த குடும்பம் என்று அக்கா பெருமையடித்து, துறைமுகத்தில் யாரிடமோ கேட்டு ஒரு வாளி பழைய வலைக்குண்டு கொண்டுபோனா. நெடுவல் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார். வெண்ணெயில் போல நகம் பதிந்தது.

"வலைக்கு நல்லது," என்றார். "பிஸ்டலுக்குக் கூடாது. இது போகிற வேகத்துக்கு இந்த மெத்தென்ற ஈயம் குழலுக்குள் பூசிக்கொண்டே போகும். பூசப் பூசக் குழல் ஒடுங்கும். பிறகு ஒருநாள் துவக்கு உன்னைச் சுடும்." கார்ச் சில்லில் அடிக்கிற நிறைக்கட்டிகளின் ஈயத்தைத்தான் அவர் பாவிப்பார். அதில் நகம் பதியாது. அக்கா வாளியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்து, "ஈயத்திலையும் சாதி இருக்குதடா" என்றா.

அந்தக் கராஜில் சட்டங்கள் இருந்தன. கதவு திறந்திருக்கவேண்டும், உள்ளே ஒன்றும் தின்னக் குடிக்கக் கூடாது, வெளியே வந்ததும் கை கழுவவேண்டும். உருகின ஈயத்துக்குக் கிட்டத் தண்ணீர் வரவே கூடாது. கடைசிச் சட்டம் எனக்கு நல்லாய்த் தெரியும். ஆனால் ஒருநாள் நல்ல பனி கொட்டினபோது நான் உள்ளே போய், அக்காவின் கை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். "நிப்பாட்டு!" அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினா. என் தொப்பியில் இருந்த பனி ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு, சட்டிக்குள் விழுந்திருந்தது. சட்டி பூனைபோலச் சீறியது. ஈயத் துளிகள் கூரைக்குப் போயின. ஒன்று என் ஜக்கெட்டில் ஓட்டை போட்டு உள்ளே பஞ்சில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

"என்ரை கையைக் காப்பாத்தத்தானே உன்னை விட்டவர்?" என்று அக்கா கேட்டா. "உன்னிட்டையிருந்து ஆர் காப்பாத்திறது?"

பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்து போட்டு, வாயில் சன்னத்தை இறுக்கி, நெடுவல் செய்து முடித்த ஒவ்வொரு ரவையையும் பிஸ்டலிலிருந்து கழற்றின குழலுக்குள் போட்டுப் பார்க்கிற வேலை அக்காவுக்கு. "டிங்" என்று விழுந்து, கவிழ்த்தால் தன்பாட்டில் வெளியே வந்தால் நல்லது. சன்னம் கொஞ்சம் பருத்தாலும் டிங் வராது. அப்படியானது உள்ளே போய் இறுகி நின்றால் பிஸ்டல் சரியாய்ப் பூட்டாது. அக்கா அதைக் காதோடு வைத்து, சந்தையில் தேங்காய் தட்டுகிற முகத்தோடு செய்வா. "இது முத்தல். இது இளசு. இது நெடுவலின்ரை மண்டை, அங்காலை போடு."

அக்கா சுட்ட சங்கத்துப் பிஸ்டல் ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே பின்னால் போய், வெறும் கோதை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த ரவையை ஏற்றிக்கொள்கிற வகை. எறிகிற கோது அடுப்பில் இருந்து எடுத்த மாதிரிச் சுடும். ஒருநாள் அப்படி ஒன்று பறந்துவந்து அக்காவின் கழுத்து வழியே சட்டைக்குள் போய்விட்டது. வேறு யாருமென்றால் துவக்கோடு திரும்பித் துள்ளியிருப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே குனிந்துவிட்டேன். அக்கா கண்ணை இறுக்கிமூடி, பல்லைக் கடித்து, குழல்வாய் கடதாசிப் பக்கம் பார்க்கத் துவக்கை மேசையில் வைத்து, கையை எடுத்து, ஒரு அடி பின்னால் வந்து, அதற்குப் பிறகுதான் ஆடினா. என்ன ஆட்டம்! அந்த நிலவறையில் டெனிஷ்காரர் சத்தம்போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். நெடுவல் சிரிக்கவில்லை. "எல்லோரும் பார்த்தீர்களா?" என்றார். "முதலில் வைத்தா. பிறகு ஆடினா." அதற்குப் பிறகு அக்கா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு வருவா.

இனித் தேங்காய்க் கதை.

வார்த்த சன்னத்தைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதற்குள் மெழுகு தடவவேண்டும். தடவாவிட்டால் ஈயம் குழலுக்குள் ஒட்டும். நெடுவல் தேன்மெழுகில் கொழுப்புக் கலந்து தடவுவார். அக்கா கோயில் மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுபோனா. மாதாவுக்கு எரிந்த மெழுகைத் துவக்குக்குப் பூசுவது பாவமில்லையோ என்று நான் ஒரு கிழமை அக்காவை அரித்தேன். அக்கா ஃபாதரிடமே கேட்டா. "கடதாசிக்குத்தானே சுடுறியள்?" என்றார் ஃபாதர். "நேராய்ச் சுடுங்கோ."

தனி மெழுகு காய்ந்து வெடித்தது. இளக்க ஏதாவது வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் தலைக்கு எண்ணெய் என்றால், கடையில் கட்டியாக விற்கிற தேங்காய்க் கொழுப்புத்தான். டெனிஷ்காரர் அதைப் பலகாரத்துக்கு வாங்குவார்கள், நாங்கள் தலைக்கு வாங்குவோம். போத்தலில் போட்டு வைத்தால் கல்லாய் இறுகிக் கிடக்கும். அதனால் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஹீட்டருக்கு மேலே ஒரு போத்தல் நிற்கும், காலையில் உருகித் தெளிந்து, தலைக்குத் தயாராய். அக்கா அந்தக் கொழுப்பை மெழுகோடு காய்ச்சிக் கலந்தா. ஆறினதும் நெடுவல் தட்டிப் பார்த்தார். கராஜ் குளிருக்கு அது எலும்பு மாதிரி இருந்தது. "நல்லாயிருக்கிறது," என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா அதைத்தான் சுட்டா. நிலவறையில் வெடிமருந்து மணத்தோடு மெல்லிதாய் ஒரு சம்பல் மணமும் வரும். பசிக்கும்.

மாசிக் குளிரில் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு போட்டி வந்தது. கேடயம் ஒன்று இருந்தது. வருசக்கணக்காய் அதை அவர்கள்தான் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களும் பார்க்க வந்தார்கள். அத்தான் வேலை முடிந்த கையோடு, நித்திரையும் கொள்ளாமல், ஒரு தட்டு நிறையப் பேக்கரியில் சுட்ட பணிஸோடு வந்து நின்றார். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஒரு பருத்த மனிதர். அவர்தான் அவர்களின் சூரன். சேலையோடு அக்காவைக் கண்டதும் கோப்பையை நீட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே கோப்பி ஊற்றினா. "பாலும் விடட்டோ?" என்று கேட்டு விட்டா. அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "உங்களோடு சுடப்போவது நான்தான்," என்றா.

அந்த மனிதர் சிவந்துபோனார். எனக்கு அக்காவின் முகம்தான் கவலை தந்தது. இவ்வளவு நாளும் அவ விளையாட்டாய்ச் சுட்டவ. இன்றைக்குக் கேடயம் வேண்டும் என்று முகத்தில் எழுதிக்கிடந்தது.

அன்று காலையிலேயே ஒன்று நடந்திருந்தது. நெடுவல் பெட்டியில் இருந்து ரவைகளை எடுத்து மேசையில் வைத்தார். நிலவறை குளிரில் விறைத்துக் கிடந்தது. சன்னத்தில் பூசின மெழுகு வெள்ளையாய்ப் பூத்து வெடித்திருந்தது, கல்லாய் இறுகின எண்ணெய்ப் போத்தல் மாதிரியே. அதைக் கண்டதும் எந்தத் தமிழ்ப் பெண்ணின் கையும் என்ன செய்யுமோ அதைத்தான் அக்காவின் கையும் செய்தது. எடுத்து ஹீட்டருக்கு மேலே வைத்தா. நெடுவல் எப்போதும் ரவைகளைச் சன்னம் கீழே பார்க்க அடுக்குவார். அக்கா சன்னம் மேலே பார்க்க, மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிற மாதிரி, வரிசையாய் நிறுத்திவைத்தா.

நான் ஹீட்டரை விட்டுத் தள்ளி நின்றேன். "அக்கா, சூட்டுக்கு வெடிக்காதோ?"

"வெடிக்கிறதுக்குத்தானேயடா செய்தது."

"இல்லை, இங்கையே வெடிச்சால்..."

"ஹீட்டர் சூட்டுக்கு வெடிக்குமெண்டால் இந்நேரம் உன்ரை மண்டை எப்பவோ வெடிச்சிருக்கும். போய்ப் பணிஸை மூடிவை, ஈ வரும்." மாசி மாதம் டென்மார்க்கில் ஈ எங்கே வருகிறது! ஆனாலும் போய் மூடினேன். அவ சொன்னதும் சரிதான், அந்தச் சூட்டுக்கு அவை வெடிக்காது. காலை முழுக்க மற்றவர்கள் சுட, அவை ஹீட்டரில் நின்று சூடு காய்ந்தன. நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் பார்த்து, வெடிக்கவில்லை என்று மூச்சு விட்டேன்.

பின்னேரம் எல்லோரும் சுட்டு முடிந்து, அக்காவும் அந்தப் பருத்த மனிதரும் மிஞ்சினார்கள். அவர் தன் கடைசி ஐந்தையும் சுட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஐந்தையும் நன்றாய்ப் போட்டால் கேடயம் எங்களுக்கு. நேரம் கட்டின சுடுகை, நின்று யோசிக்க முடியாது. கண்ணாடிக் கதவைத் திறந்து எல்லோரும் வாசலில் நெருக்கி நின்றோம். வழக்கம்போல என் காதுமூடி கழுத்தில்.

முதலாவது, நல்ல வெடி. இரண்டாவது, நல்ல வெடி. புகை வழக்கத்தை விடக் கூட. தேங்காய் மணம் வாசல்வரைக்கும் வந்தது. மூன்றாவது வெடிக்கவில்லை. "புஸ்" என்றது, சோடாப்போத்தல் மூடி திறந்த மாதிரி. பிஸ்டலும் பின்னால் போகவில்லை, கோதையும் எறியவில்லை.

சின்னச் சத்தம் கேட்டால் நிப்பாட்டு, குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடாதே என்று நெடுவல் ஆயிரம் தரம் சொன்னவர். ஆனால் அவருடைய காதும் மூடிக்கிடந்தது, கண் கேடயத்தில் கிடந்தது. ரவை சிக்கிவிட்டது என்று நினைத்தார். "இழு! இழுத்துவிட்டுச் சுடு!" என்று டெனிஷில் கத்தினார். எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். "சுடு அக்கா! சுடு!" அக்கா மேற்பகுதியைக் கையால் இழுத்தா. கோது வெளியே விழுந்தது. அதிலிருந்து வெடிமருந்து, நனைந்த சீனி மாதிரிக் கட்டியாய்ச் சிந்தியது. அடுத்த ரவை உள்ளே போனது. அக்கா கையை உயர்த்தினா.

நான் காலை முழுக்க வெடிக்குமோ என்று பயந்தவன். அந்தக் கணத்தில்தான் விளங்கியது, பயப்படவேண்டியது வெடிக்காததற்கு. கோது வெளியே வந்துவிட்டது, சன்னம் எங்கே? கடதாசியில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அப்படியென்றால் மூன்றாவது இன்னும் குழலுக்குள்ளே. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் அது போக வழியில்லை. குழல் வெடிக்கும். அந்தக் குழலைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை...

"நிப்பாட்டடீ!"

அது என் குரல்தான். அந்த நாளைய காதுமூடி எல்லாம் அதற்குக் காணாது. நிலவறை ஒருமுறை அதிர்ந்தது.

அக்கா நின்றா. விரல் வெளியே வந்தது. குழல்வாய் கடதாசிப் பக்கம் பார்க்க, துவக்கை மேசையில் வைத்தா. கையை எடுத்தா. ஒரு அடி பின்னால் வந்தா. நெடுவல் வந்து, காதுமூடியைக் கழற்றி, ரவைகளை எடுத்து, குழலைக் கழற்றி, ஒரு பித்தளைக் கம்பியை உள்ளே விட்டார். கம்பி பாதி தூரம் போய் நின்றது. அவர் அதை வெளியே எடுத்து, திரும்பவும் விட்டார். திரும்பவும் அங்கேயே நின்றது. அவருடைய முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிப்போனது.

நான் அதைப் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன். உடம்பு திரும்பவும் தன்பாட்டில் படுத்துவிட்டது.

மரச்சுத்தியலால் தட்டத் தட்டச் சன்னம் வெளியே வந்து மேசையில் உருண்டது. நெடுவல் அதை மூக்கருகே கொண்டுபோய், கோதையும் மணந்து பார்த்து, "கோகோஸ்?" என்றார். டெனிஷில் அதுதான் தேங்காய். ஹீட்டர் சூட்டில் கொழுப்பு மட்டும் உருகிப் பிரிந்து, சன்னத்தின் ஓரத்தால் கீழே இறங்கி, வெடிமருந்தை ஊறவைத்திருந்தது. சன்னத்தைப் பாதிக் குழல் வரைக்கும் தள்ளத்தான் அதில் பலம் மிஞ்சியிருந்தது.

பருத்த மனிதருக்கு வாய் வந்தது. இந்த மாதிரித் தானியங்கிப் பிஸ்டலுக்கு வீட்டில் வார்த்த ஈயம் போடவே கூடாது, விசர்வேலை, சங்கம் இதைத் தடைசெய்யவேண்டும் என்று தொடங்கினார். தடைசெய்தால் அக்காவின் செவ்வாய்க்கிழமைகள் முடிந்தன. கடை ரவை வாங்கிச் சுட அவவால் ஏலாது. அவவைச் சங்கத்தை விட்டே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். எல்லோரும் நெடுவலைப் பார்த்தார்கள். நெடுவல் தரையைப் பார்த்தார். இழு என்று சொன்னவரும் அவர்தானே.

"நிப்பாட்டுங்கோ," என்றா அக்கா. பிறகு டெனிஷில், எழுவாய் பயனிலை எல்லாம் தலைகீழாய்: "ஈயம் நல்லது. தலைவர் நல்லவர். பிழை நான். நான் ஹீட்டர். நான் கோகோஸ்."

பிறகு எங்கேயோ பின்வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பு வெடித்தது. அது நல்ல ரவை. அடுத்தடுத்து எல்லோருக்கும் ஏற்றிக்கொண்டு போனது. பருத்த மனிதர் கூடக் கடைசியில் வயிற்றைப் பிடித்தார். கேடயம் அவரோடுதான் போனது. போகமுதல் அக்காவுக்கு அவர் தன் கையால் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினா. "எழும்படா. கடதாசிக்குத்தான் சுடுறாங்கள்." பிறகு, இன்னும் கிட்ட வந்து: "என்னடா சொன்னனீ? அடீயோ?"

"அக்கா... அது... வாய் தவறி..."

அத்தான் பணிஸ் தட்டோடு மேலே நின்று என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "கலியாணம் கட்டின நாள் துவக்கம் நான் சொல்லத் துணியாத சொல்லு," என்றார். ஒரு பணிஸை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு போய் அக்காவின் வலக்கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார், விரல் விரலாய். அக்கா, "சனம் பாக்குது" என்றா. ஆனால் கையை இழுக்கவில்லை.

அடுத்த செவ்வாய் நெடுவல் சுவரில் இரண்டு பலகை அடித்தார். ஒன்றில், "சின்னச் சத்தம் கேட்டால் நிறுத்து. யார் சொன்னாலும் சுடாதே. தலைவர் சொன்னாலும்." மற்றதில், "இங்கே தேங்காய் தடை." தனித் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் பூசி, அக்கா திரும்பவும் சுடத் தொடங்கினா. அவவின் ரவைகளும் சன்னம் கீழே பார்க்கத்தான் நின்றன.

சில வருசங்களில் நான் வேலையோடு ஹ்விடோவ்ரே என்ற தூரத்து ஊருக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கும். "நிப்பாட்டடி கதைக்கிறன்," என்பா. வேறு பேர் சொல்லவே மாட்டா. கனவருசத்துக்குப் பிறகு ஒருமுறை, ஒரு செவ்வாய் பின்னேரம் கைத்தொலைபேசியில் அவ எடுத்தபோது குரலில் ஏதோ அடைத்தமாதிரி இருந்தது.

"என்னக்கா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லையடா. புதுசாய்ச் சேர்ந்த ஒரு பெட்டை, தேங்காய்ப்பூத் தூவின கேக் கொண்டு வந்தாள், பிறந்தநாளாம். வாசல்லையே நிப்பாட்டிப்போட்டன். பலகையைக் காட்டினன். பாவம், வெடிச்சிடும் எண்டு நினைச்சுப் பெட்டியோடை தந்திட்டு ஓடிட்டாள்."

"பேந்து?"

"பேந்தென்ன. நானும் நெடுவலும் கையைக் கழுவிப்போட்டு மேல்படியிலை இருந்து திண்டுகொண்டிருக்கிறம்."

நான் எப்போதும் கேட்கிறதைக் கேட்டேன். "கை எப்பிடி அக்கா?"

"ரெண்டும் இருக்கு," என்றா அக்கா, வாய் நிறைய. "ஒண்டிலை போன். ஒண்டிலை கேக்."